விளக்கு எரியாத பழுது

கார் சாவியைத் திருப்பியதும் மீட்டர் பலகையில் சிவப்பாக ஒரு சின்னம் எரியும். உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உருவம், அதன் முன்னால் ஒரு வட்டம். சில விநாடிகளில் அது அணைந்துவிட்டால், ஏர்பேக் அமைப்பு தன்னையே சோதித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டதாகப் பொருள். அணையாமல் நின்றால் எங்கோ பழுது இருக்கிறது. கார்களின் மின்னணுப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கும் எனக்கு அந்தச் சின்னம் தினமும் பார்த்துப் பழகியது.

அந்த உருவம் யாருடையது? ஆணா, பெண்ணா? எவ்வளவு உயரம்? ஸ்டியரிங்கிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது? வேடிக்கையான கேள்விகளாகத் தோன்றலாம். ஏர்பேக்கின் எழுபது ஆண்டு வரலாற்றைப் படித்தால், இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டதற்காகப் பல உயிர்கள் போயிருப்பது தெரியும். அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன், பட்டறையில் பழுதை எப்படித் தேடுகிறோம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பழுதைத் தேடும் முறை

ஏர்பேக் என்பது துணிப்பை மட்டும் இல்லை. மோதலை உணரும் சென்சார்கள், முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, பையை நிரப்பும் வாயுவை உண்டாக்கும் இன்ஃப்ளேட்டர், இவற்றை இணைக்கும் மஞ்சள் நிறக் கனெக்டர்கள், பெல்ட்டை இறுக்கும் கருவி எல்லாம் சேர்ந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி மின்தடையை அளந்துகொண்டே இருக்கும். இன்ஃப்ளேட்டரின் தீமூட்டியில் தடை பொதுவாக இரண்டு மூன்று ஓம் அளவுதான். அது கூடினாலோ குறைந்தாலோ விளக்கு எரியும், நினைவகத்தில் ஒரு குறியீடு பதிவாகும்.

ஸ்கேனரை மாட்டி அந்தக் குறியீட்டை வாசிப்பதுதான் முதல் வேலை. ஓட்டுநர் பக்கச் சுற்று அறுந்திருக்கிறது என்று வந்தால், பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங்தான் காரணம். ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுருண்டு விரியும் தட்டையான கேபிள் அது. வருடக்கணக்கில் திருப்பித் திருப்பி ஒருநாள் அறுந்துபோகும். முன்இருக்கைக்கு அடியில் இருக்கும் கனெக்டர் தளர்ந்திருப்பதும் அடிக்கடி பார்ப்பது. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளுவார்கள், அடியில் பை, குடை, தண்ணீர்ப் பாட்டில் என்று எதையாவது திணிப்பார்கள், கம்பி இழுபட்டுவிடும்.

கையை வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் தொட்டுவிடக் கூடாது. மோதலில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்சாரம் சேமிக்கப்பட்டிருக்கும். அது வடியும்வரை, அந்தக் காரின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். இன்ஃப்ளேட்டரில் மல்டிமீட்டரை நேராக வைக்கக் கூடாது; மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே அதைப் பற்றவைத்துவிடக்கூடும். அதற்குப் பதிலாக இன்ஃப்ளேட்டரைக் கழற்றிவிட்டு, அதே தடையுள்ள ஒரு போலிச் சுமையை அந்த இடத்தில் மாட்டிப் பார்ப்போம். குறியீடு மறைந்தால் பழுது இன்ஃப்ளேட்டரில். மறையாவிட்டால் கம்பியிலோ கனெக்டரிலோ பெட்டியிலோ.

இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த முக்கியமான பாடம் ஒன்று உண்டு. பெட்டிக்கு எதைச் சரி என்று சொல்லிவைத்திருக்கிறார்களோ, அதிலிருந்து விலகுவதை மட்டும்தான் அது பழுது என்று சொல்லும். சொல்லிவைத்ததே தவறாக இருந்தால் விளக்கு எரியாது. ஏர்பேக் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற ஆண்டுகளில் அந்தக் கார்களில் விளக்கு எரியவில்லை. எல்லாம் வடிவமைத்தபடியே வேலை செய்தன.

நீண்ட கைகள்

1952-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் மனைவியோடும் சிறு மகளோடும் காரில் போய்க்கொண்டிருந்தார். சாலையில் தடை ஒன்று எதிர்ப்பட, காரைத் திருப்பிப் பிரேக் அடித்தார். அந்தக் கணத்தில் அவரும் மனைவியும் முன்இருக்கையில் இருந்த மகளைத் தடுக்கக் கையை நீட்டினார்கள். யாருக்கும் பெரிய காயமில்லை. அந்த நீண்ட கைகளின் வேலையை ஒரு பொருள் செய்ய முடியுமா என்று ஹெட்ரிக் யோசித்தார். 1953-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் வால்டர் லிண்டரரும் இதே போன்ற யோசனைக்குக் காப்புரிமை பெற்றார்.

பேருந்தில் பிரேக் அடித்தால் மடியில் இருக்கும் குழந்தையை நம் கை தானாகவே இறுக்கிக்கொள்கிறதே, அதே அனிச்சைதான். ஏர்பேக்கின் முதல் கற்பனையில் நடுவில் இருந்தது ஒரு சிறுமி. பின்னால் சட்டமும் சோதனையும் வந்தபோது அந்தச் சிறுமி கணக்கிலிருந்து காணாமல் போனாள்.

அழுத்தக் காற்றை வைத்து அவ்வளவு வேகமாகப் பையை நிரப்ப முடியவில்லை. மோதலை நம்பகமாக உணரும் கருவியும் இல்லை. 1960-களின் இறுதியில் ஆலன் பிரீட் என்பவர் எளிய சென்சார் ஒன்றைச் செய்தார். குழாய்க்குள் ஓர் எஃகு உருண்டை, அதைப் பிடித்துவைக்க ஒரு காந்தம். கார் மோதினால் உருண்டை காந்தத்திலிருந்து விடுபட்டு ஓடி மின்சுற்றை மூடும். 1970-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறக்குறைய 10,000 கார்களை ஏர்பேக்கோடு விற்றுவிட்டு நிறுத்திக்கொண்டது.

சட்டத்தில் இரண்டு பெண்கள்

ஏர்பேக் கட்டாயமான கதையில் இரண்டு பெண்களின் பெயர்கள் வருகின்றன. ஜோன் கிளேபுரூக் 1977 முதல் 1981 வரை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தலைவராக இருந்தவர். கார் நிறுவனங்களின் எதிர்ப்பைத் தாண்டி ஏர்பேக்குக்காகப் போராடியவர். அவர் காலத்து விதியை ரீகன் அரசு 1981-இல் ரத்து செய்தது. அந்த ரத்து செல்லாது என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு போக்குவரத்துத் துறைச் செயலர் எலிசபெத் டோல் புதிய விதியைக் கொண்டுவந்தார். 1991-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது: 1998 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் இருக்க வேண்டும்.

பதவியில் பெண்கள் இருந்தார்கள். சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தது ஆண். விதியின்படி காரை மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதவிட வேண்டும். உள்ளே இருக்கும் டம்மி, அதாவது மோதல் சோதனைப் பொம்மை, ஏறக்குறைய 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ள சராசரி அமெரிக்க ஆண். அவன் பெல்ட் போடாமல் இருந்தாலும் பிழைக்க வேண்டும்.

பெல்ட் போடாதவனை ஏன் அளவுகோலாக எடுத்தார்கள்? 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கர்களில் நூற்றுக்கு 15 பேர்கூடப் பெல்ட் போடவில்லை. பெல்ட் போடச் சொல்லி அவர்களைத் தொந்தரவு செய்யாமலே காப்பாற்றும் கருவியாக ஏர்பேக் பார்க்கப்பட்டது. பெல்ட் இல்லாத 78 கிலோ உடல் முன்னால் பாய்ந்து வரும்போது தடுக்க வேண்டுமென்றால், பை மிக வேகமாகவும் மிகுந்த விசையோடும் விரிய வேண்டும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம்வரை விரியும் பைகளைப் பொருத்தினார்கள்.

சோதனையில் அந்த ஆண் ஸ்டியரிங்கிலிருந்து தள்ளி வசதியாக உட்கார்ந்திருந்தான். பை முழுதாக விரிந்து முடிந்த பிறகே அவன் மார்பு அதில் படும். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குப் பெடல் எட்ட வேண்டுமானால் இருக்கையை முன்னால் இழுத்துத்தான் ஆக வேண்டும். பை விரிந்துகொண்டிருக்கும்போதே, அதன் விசை உச்சத்தில் இருக்கும்போதே, அவள் முகமும் கழுத்தும் மார்பும் அதில் சிக்கும்.

"இடம் தவறி அமர்ந்தவர்"

1990-களில் செய்திகள் வரத் தொடங்கின. வாகன நிறுத்துமிடத்தில் மெதுவாக இடித்துக்கொண்ட கார்கள், பம்பரில் சிறு நசுங்கல், உள்ளே கழுத்து முறிந்த குழந்தை. அல்லது ஓட்டிவந்த உயரம் குறைந்த பெண். 1990 முதல் 2008 வரை, குறைந்த வேக மோதல்களில் ஏர்பேக் விரிந்ததாலேயே 290-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. பெரும்பாலோர் பயணிகள்; அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குழந்தைகளும் கைக்குழந்தைகளும். இந்த மரணங்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு 1998-க்கு முந்தைய கார்களில் நடந்தவை. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த மரணங்களைப் பற்றிய ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொழில்நுட்பச் சொல் "அவுட் ஆஃப் பொசிஷன்". தமிழில் சொன்னால் இடம் தவறி அமர்ந்தவர். கதவோரம் சாய்ந்து தூங்குபவர், குனிந்து எதையோ எடுப்பவர், முன்இருக்கைக் குழந்தை எல்லோரும் இதில் அடக்கம். பெடல் எட்டுவதற்காக முன்னால் வந்து உட்கார்ந்த பெண்ணும் இதே பட்டியலில் சேர்ந்துபோனாள். அவள் எந்த இடத்தையும் தவறவிடவில்லை. அவள் உடலுக்குக் காரை ஓட்ட ஒரே இடம் அதுதான். அளவுகோலாக வைத்த உடலிலிருந்து விலகிய உடலைக் குற்றம் சொல்லும் பழக்கம் மருத்துவத்தில் உண்டு, உடைகளில் உண்டு, வேலையிடங்களில் உண்டு. இங்கே அது பொறியியல் சொல்லாக வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தப் பழுதைக் கண்டுபிடித்தது எந்த ஸ்கேனரும் இல்லை. பிள்ளைகளை இழந்த பெற்றோர்கள், விபத்துகளை ஒவ்வொன்றாகத் தோண்டிய ஆய்வாளர்கள், செய்தியாளர்கள் எல்லோரும் சேர்ந்துதான். பழுதுபார்க்கும் வேலை மூன்று கட்டமாக நடந்தது.

1997 மார்ச்சில் சோதனை விதி தளர்த்தப்பட்டது. நிறுவனங்கள் பையின் விசையைக் குறைக்க முடிந்தது. மரணங்கள் சரிந்ததற்கு இது பெரிய காரணம். அதே ஆண்டு நவம்பரில், தேவைப்பட்டவர்கள் ஏர்பேக்கை நிறுத்திவைக்க ஒரு சுவிட்ச் பொருத்திக்கொள்ள அனுமதி வந்தது. ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளி உட்கார முடியாத ஓட்டுநர்கள் அதற்குத் தகுதியானவர்கள். ஆனால் அரசுக்கு விண்ணப்பித்து அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். தன் உடல் தன் காருக்குப் பொருந்தவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்.

2000 மே மாதத்தில் வந்த விதிதான் அடிப்படையைத் தொட்டது. ஏறக்குறைய 150 செ.மீ. உயரமும் 49 கிலோ எடையும் உள்ள சிறிய பெண் டம்மியையும், குழந்தை டம்மிகளையும் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றது. இதற்காகவே இரண்டு கட்டமாக விரியும் பைகளும், இருக்கை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று பார்க்கும் சென்சார்களும், உட்கார்ந்திருப்பவரின் எடையை உணரும் மெத்தைகளும் வந்தன. 2003-இல் தொடங்கிப் படிப்படியாக இது நடைமுறைக்கு வந்தது. இன்று என் ஸ்கேனரில் வரும் பழுதுக் குறியீடுகளில் பல, இந்த விதியால் காருக்குள் வந்த பாகங்களுடையவை. இருக்கை மெத்தையின் எடை சென்சார் பழுது என்று திரையில் வரும்போது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சின்னதாக்கிய ஆண்

அந்தச் சிறிய பெண் டம்மியிலும் குறை உண்டு. ஆண் டம்மியை எடுத்துச் சுருக்கிச் செய்ததுதான் அது. பெண்ணின் இடுப்பெலும்பின் அமைப்பும் கழுத்துத் தசையின் வலுவும் உட்காரும் விதமும் ஆணுடையதின் சிறிய வடிவம் அல்ல. சராசரிப் பெண்ணின் உடலை வைத்தே செய்த டம்மிக்கு உலகம் மேலும் காத்திருந்தது. சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழு 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட டம்மியை 2022-இல் காட்டியது. பின்னால் இருந்து இடிபடும்போது கழுத்தில் ஏற்படும் காயத்தை ஆராய்வதற்கானது அது.

இந்தக் குறையின் விலை என்ன? பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநர்களுக்குக் கடும் காயம் ஏற்படும் வாய்ப்பு, பெல்ட் அணிந்த ஆண்களைவிட 47 விழுக்காடு அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் எழுதினார்கள். நேருக்கு நேர் மோதலில் 73 விழுக்காடு அதிகம் என்றது அதே பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு அமைப்பு 2021-இல் இதை வேறு கோணத்தில் பார்த்தது. பெண்கள் சிறிய கார்களை ஓட்டுவதும், மோதலில் இடிபடும் காராக இருப்பதும் இந்த வேறுபாட்டில் பெரும்பகுதியை விளக்குகின்றன. கால் காயங்களில் வேறுபாடு தொடர்கிறது என்றது. எனக்கு இது ஆறுதலாகப் படவில்லை. வீட்டில் பெரிய கார் யாருக்கு, சிறிய கார் யாருக்கு என்பதும் பாலின வரலாறுதானே?

செய்தவர்கள்

ஏர்பேக்கைப் பேசும்போது அதைச் செய்தவர்களை மறந்துவிடுகிறோம். ஆலன் பிரீட் தொடங்கிய பிரீட் டெக்னாலஜீஸ் நிறுவனத்துக்கு மெக்சிகோவின் டமவ்லிபாஸ் மாநிலத்தில் இரண்டு தொழிற்சாலைகள் இருந்தன. ஸ்டியரிங்குக்கும் கியர் குமிழுக்கும் தோல் உறை தைத்து ஒட்டும் வேலை. அங்கே வேலை செய்த பெண்களும் ஆண்களும் 2000-ஆம் ஆண்டு, வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தின் தொழிலாளர் பிரிவின் கீழ் அமெரிக்க அரசிடம் புகார் கொடுத்தார்கள். பசையும் கரைப்பான்களும் தங்களை நோயாளிகளாக்குகின்றன, கைகளும் தோள்களும் தேய்ந்துபோகின்றன, குழந்தைகள் குறைகளோடு பிறக்கின்றன என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 2001-இல் அறிக்கை வந்தது, அமைச்சர்கள் மட்டத்தில் பேச வேண்டும் என்று பரிந்துரைத்தது. காப்பாற்றும் கருவியின் மேலுறையைத் தைத்தவர்கள் தங்கள் உடலைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வணிக ஒப்பந்தத்தின் பின்னிணைப்பைத் தேடிப்போக வேண்டியிருந்தது.

அதன்பின் டகாட்டா. இந்த ஜப்பானிய நிறுவனம் இன்ஃப்ளேட்டரில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஈரக்காற்றும் வெப்பமும் மாறி மாறிப் பல ஆண்டுகள் பட்டால் அந்த மாத்திரைகள் சிதையும். பிறகு பற்றவைத்தால் அளவுக்கு மீறி வேகமாக எரிந்து, உலோகக் குடுவையே வெடித்துச் சில்லுகளாகப் பாயும். 2009 மே மாதம் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சிறிய மோதல் ஒன்றில் 18 வயதுப் பெண் இப்படி இறந்தாள். 2014 ஜூலையில் மலேசியாவின் சரவாக்கில் கருவுற்ற பெண் ஒருவர் இறந்தார். அவர் குழந்தையும் பிழைக்கவில்லை. 2016 ஆகஸ்டில் டெக்சாஸில் டகாட்டாவின் வெடிபொருளை ஏற்றிப்போன லாரி வெடித்து, பக்கத்து வீட்டில் இருந்த பெண் இறந்தார். அமெரிக்காவில் மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது, அதே ஆண்டு திவாலானது.

இங்கேயும் விளக்கு எரியவில்லை. மின்தடை சரியாக இருந்தது. உள்ளே மாத்திரை பொடிந்திருப்பதை அந்தச் சோதனையால் பார்க்க முடியாது. காரின் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவில் ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையில் கட்டாயமானது. பக்கத்து இருக்கைக்கு 2021 ஏப்ரலில் புதிய மாடல்களில் தொடங்கி, 2022 தொடக்கத்துக்குள் எல்லாக் கார்களுக்கும் வந்தது. யார் கார் ஓட்டுவார்கள், யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்று யோசித்தால், இடையில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளின் பொருள் விளங்கும். ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற வரைவு 2022 ஜனவரியில் வந்தது, தள்ளிப்போனது, 2023-இல் கைவிடப்பட்டது.

நம் சோதனை விதி ஐரோப்பிய விதியைத் தழுவியது. முன்இருக்கைகளில் சராசரி ஆண் டம்மிகள். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் 152 செ.மீ. அளவில் இருக்கிறது. அமெரிக்கா தன் பெண்களில் மிகச் சிறிய ஐந்து விழுக்காட்டினருக்காகச் செய்த டம்மி, உயரத்தில் ஏறக்குறைய நம் சராசரிப் பெண். அங்கே ஓரத்தில் வைத்த உடல் இங்கே நடுவில் இருக்கிறது. அந்த டம்மியைக்கூட நாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைக்கவில்லை.

இத்தனையும் சொன்னதால் ஏர்பேக் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 வரை அமெரிக்காவில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட உயிர்களை முன்பக்க ஏர்பேக் காப்பாற்றியதாக மதிப்பீடு. அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டு, நம் உடலுக்கு ஏற்றபடி அதனோடு உட்காரத் தெரிய வேண்டும்.

பெல்ட் இல்லாமல் ஏர்பேக்கை நம்ப வேண்டாம். ஸ்டியரிங்கின் நடுவுக்கும் உங்கள் நெஞ்செலும்புக்கும் 25 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். ஒரு சாண் விரித்து, அதன்மேல் நான்கு விரல் அகலம் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். முதுகைச் சற்றுச் சாய்த்தால் பெடல் எட்டியும் மார்பு தள்ளியும் இருக்கும். ஸ்டியரிங்கைக் கீழ்ப்பக்கம் சாய்க்க முடிந்தால், அது முகத்தைப் பார்க்காமல் மார்பைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கருவுற்றிருப்பவர்கள் இடுப்புப் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் படியும்படி போட வேண்டும். முன்இருக்கையில் குழந்தையை மடியில் வைத்து உட்காராதீர்கள். நம் வீடுகளில் தாய்மையின் அடையாளமாகவே பார்க்கப்படும் அந்தக் காட்சி, பை விரிந்தால் குழந்தையைப் பைக்கும் உங்கள் உடலுக்கும் நடுவில் நசுக்கிவிடும். பயணி பக்கம் பை மூடியின்மேல் பிள்ளையாரையோ வாசனைப் புட்டியையோ ஒட்ட வேண்டாம்.

பழைய கார் வாங்கினால் சாவியைத் திருப்பிச் சின்னம் எரிகிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம். சரியாக எரிந்து அணைந்தாலும் முழுதாக நம்ப முடியாது. ஒருமுறை விரிந்துபோன பைக்குப் பதிலாகச் சில ரூபாய்க்கு ஒரு ரெசிஸ்டரைச் செருகி, பெட்டியை ஏமாற்றி விற்பவர்கள் உண்டு. நாங்கள் சோதனைக்காக மாட்டிக் கழற்றும் போலிச் சுமையை அவர்கள் நிரந்தரமாக உள்ளே விட்டுவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவரிடம் ஸ்டியரிங் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைக்கப்பட்ட காரா என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

புதிய கார் வாங்குகிறவர்கள் ஷோரூமில் இன்னொரு கேள்வியையும் கேட்கலாம். இந்த நட்சத்திர மதிப்பெண் வாங்கிய சோதனையில் ஓட்டுநர் இருக்கையில் இருந்தது எந்த டம்மி? விற்பனையாளருக்குப் பதில் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பத்துப் பெண்கள் கேட்டால், அவர் மேலதிகாரியிடம் கேட்பார்.